பட்டாணி மாப்பிள்ளை பார்க்க வந்தது

பெண் பார்க்கப் போவார்கள், தெரியும். மாப்பிள்ளை பார்க்க வருவதும் உண்டு. ஆனால் ஒரு பூனை மாப்பிள்ளை பார்க்க வந்ததை, ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்துதான் முதன்முதலில் பார்த்தது. சந்துக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு ஹரிஹரசுதனுக்கு உயிர் போய் உயிர் வந்தது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஹரிஹரசுதனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சொந்த ஊர் உப்பிலியபுரம். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனிக்கட்டை. தங்கமான ஆள்தான், ஆனால் பாதி நேரம் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டான். கடைக்கு வந்தவரிடம் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்பான். அவர் படித்து முடித்த பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பான். முதலாளி வந்து தோளைத் தட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் செடிகள். கூடத்தில் ஒரு மணி பிளான்ட் வைத்திருந்தான். மன்னார்புரத்தில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனபோது கேட்காமல் கிள்ளிக்கொண்டு வந்தது. மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பது ஊரறிந்த சாஸ்திரமாயிற்றே! அதுவும் தழைத்தது. சுவரில் ஏறி, உத்தரத்தைச் சுற்றி, குழல்விளக்கைத் தாண்டி, கூடம் முழுக்கப் படர்ந்தது. விடுமுறை நாள் மதியங்களில் அதன் கீழே வெறுந்தரையில் படுத்துக்கொள்வான். ஜன்னல் வழியே கொள்ளிடக் காற்று வரும். இலைகள் அசையும்போது கூடத்து வெளிச்சமே பச்சையாக அசையும். ஆற்றுக்கு அடியில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு, தூக்கமுமில்லாமல் விழிப்புமில்லாமல் மிதந்துகொண்டிருப்பான்.

அந்த ஆற்றுக்குள்தான் ரஞ்சனி வந்தாள். எடமலைப்பட்டி புதூரில் அண்ணன் ஜெயக்குமாரோடு இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு கல்யாணம் ஆகி, அது முறிந்து சில வருஷம் ஆயிற்று. ஏன் முறிந்தது என்று அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. கண்ணாடி வாங்க வந்தாள். பிறகு திருகு கழன்றது என்று வந்தாள். அந்தத் திருகு மறுபடியும் கழன்றது, மறுபடியும் கழன்றது. கடைசியாகக் கழன்றது தானாகக் கழன்றிருக்காது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

அவன் ஒருவழியாகத் தைரியம் வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, ரஞ்சனி கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு பூனை இருக்குங்க. பேரு பட்டாணி. பச்சையா எதைப் பாத்தாலும் மேயும். அது உங்க வீட்டுக்கு வரட்டும். அதுக்குச் சரிப்பட்டுச்சுன்னா எனக்கும் சரி” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. பிறத்தியார் கண்ணையே பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அது தெரியாதா?

மறுநாளே மாம்பழச்சாலைப் பக்கம் இருக்கிற கால்நடை டாக்டர் நஜிமுதீனிடம் ஓடினான். வீட்டில் இருந்த ஒவ்வொரு செடியையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தான். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மணி பிளான்ட்டைக் கடித்தால் பூனைக்கு வாயும் தொண்டையும் எரியும், எச்சில் ஒழுகும், வேண்டாம். நிலைப்படியில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டியிருந்த கற்றாழை மனிதனுக்கு மருந்து, பூனைக்கு வயிற்றைக் கலக்கிவிடும், வேண்டாம். ஸ்நேக் பிளான்ட்டும் ஆகாது. அகல இலையில் வெள்ளை தெளித்த மாதிரி இருந்த, பெயரே தெரியாத அந்தச் செடி ஆகவே ஆகாது. படங்கள் தீர்ந்துபோயின.

“உங்க வீட்ல பூனைக்கு ஆபத்தில்லாதது நீங்க ஒருத்தர்தான் போல” என்று சிரித்தார் டாக்டர்.

அன்று மதியம் மணி பிளான்ட்டை இறக்கினான். ஆணி ஆணியாகக் கழற்றி, கொடியைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கியபோது கூடம் பளீரென்று வெளுத்துக் கிடந்தது. மனசு கனத்துப் போயிற்று, அழுகைகூட வந்தது. ஒரு கொடிக்கு அழுகிற ஆம்பளையா என்று கேட்பீர்கள். அவன் அப்படித்தான். திருட்டுச் சொத்து மன்னார்புரத்துக்கே திரும்பிப் போயிற்று, ஆகாத மற்றச் செடிகளும் கூடவே போயின.

அதற்கப்புறம் பார்த்துப் பார்த்து வாங்கினான். ஸ்பைடர் பிளான்ட்டைப் பூனை கடித்தாலும் பாதகமில்லை என்றார் டாக்டர். அது ஜன்னலில் தொங்கியது. ஃபெர்னுக்கு ஈரம் வேண்டும் என்பதால் அதற்குக் குளியலறை ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூடத்து மூலைக்கு ஒரு அரேகா பாம் வந்தது. போர்த் தண்ணீரின் உப்புக்கு அதன் நுனியெல்லாம் கருகத் தொடங்கவே, காவிரித் தண்ணீர் வரும் குழாயில் குடம் பிடித்து வைத்து ஊற்றினான். பூச்சிமருந்தைத் தொடவே இல்லை. பூனை மண்ணைக் கிளறும் என்று தொட்டிகளின் மேல் கூழாங்கல் பரப்பினான். பட்டாணி தாராளமாக மேய்வதற்கென்றே ஒரு தட்டில் அருகம்புல் வளர்த்தான். புல் முளைத்த அன்று அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். ரஞ்சனி அந்த ஜன்னலோரம் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள், பூனை அவள் மடியில் தூங்குகிறது, காற்று வருகிறது. கண்ணைத் திறந்தால் கலைந்துவிடுமே என்று திறக்காமலே கிடந்தான்.

அந்த நாளும் வந்தது. அக்கா சந்திரம்மாள் உப்பிலியபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பை நிறையக் காய்கறி, இன்னொரு பையில் ஈரத்துணியில் சுற்றிய செவ்வரளி மாலை. வயல் வரப்பில் பூத்ததை அவளே பறித்து அவளே கட்டியது. நல்ல காரியம் பேசுகிற நாளில் கருப்பண்ணசாமி படத்துக்குச் செவ்வரளி சாத்தாமல் அந்தக் குடும்பத்தில் எதுவும் தொடங்கியதில்லை. உன் காரியம், உன் கையாலேயே போடு என்று தம்பியிடம் கொடுத்தாள். அவனும் குளித்துவிட்டு வந்து, கும்பிட்டுப் போட்டான். படம் தாழ்ந்த பலகையில் இருந்ததால், மாலையின் நுனி கீழே தொங்கி ஃபேன் காற்றில் ஆடியது.

அட கிறுக்கா என்று உங்களுக்குத் தோன்றும். அரளி விஷம் என்று தெரியாத ஆள் நம் பக்கத்தில் உண்டா? அவனுக்கும் தெரியும். ஆனால் ஒரு மாதமாக அவன் தேடியதெல்லாம் தொட்டியில் இருப்பதைத்தான். மாலை என்பது சாமியுடையது. சாமிக்குப் போட்டதைச் செடியோடு சேர்த்து யார் நினைக்கிறார்கள்? நானும் நினைத்திருக்க மாட்டேன், நீங்களும்தான்.

ஆட்டோவில் வந்தார்கள். ஜெயக்குமார் ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு, சந்தே வேடிக்கை பார்க்க, வெட்கத்தோடு படியேறினார். எங்கள் வீட்டுப் பெரியவர் உள்ளே இருக்கிறார் என்று கூடையைக் காட்டினார். அக்கா கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். பூனைக்கு என்ன மரியாதை செய்வது என்று தெரியாமல் ஒரு கிண்ணத்தில் பாலும் வைத்தாள். ரஞ்சனி கூடையைத் திறந்துவிட்டு, அக்காவுக்கு ஒத்தாசையாகச் சமையலறைப் பக்கம் போனாள்.

பட்டாணி வெளியே வந்தது. சாம்பல் நிறம், பட்டாணிப் பச்சையில் கண்கள். பாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. அரேகாவை முகர்ந்தது, ஸ்பைடர் பிளான்ட்டின் நுனியை ஒரு தட்டுத் தட்டியது, அருகம்புல்லில் இரண்டு கடி கடித்தது. ஹரிஹரசுதனுக்குக் கண் சொக்கிப்போயிற்று. ஜெயக்குமார் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், அவன் ம் கொட்டினான். இத்தனை நாள் கண்ணை மூடிப் பார்த்ததெல்லாம் இப்போது கண்ணெதிரே நடந்து போகிறது. பூனை சாமிப் பலகைக்குப் போயிற்று. ஆடுகிற மாலை நுனியைக் காலால் இழுத்தது. ஒரு பூ உதிர்ந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தது. சாம்பல் முகத்தில் சிவப்புப் பூ. என்ன அழகு என்று அவன் சிரித்தான்.

சிரித்த பிறகுதான் உறைத்தது. அரளி!

எழுந்து போய்க் குனிந்தான். பூனை பூவைத் துப்பியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் பாதி இதழைக் காணோம். பட்டாணி ஒன்றும் நடக்காதது போல் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஜெயக்குமார் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, ஆவணியில் ஒரு முகூர்த்தம் பார்த்துவிடலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைக்காக எத்தனை மதியங்கள் தவம் கிடந்திருப்பான்! பாதி இதழ்தானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம். அப்படியே ஏதாவது ஆனாலும், நம்மால்தான் என்று யாருக்குத் தெரியும்? இப்போது வாயைத் திறந்தால் அவள் எழுந்து போய்விடுவாள், அப்புறம் இந்த வீட்டில் கூழாங்கல்லும் புல்லும் மட்டும்தான். அவன் கை தானாக அந்தப் பூவின் மேல் மூடிக்கொண்டது. வெட்கக்கேடுதான், ஆனால் மூடிக்கொண்டது.

பிறகு விரித்தான்.

“ரஞ்சனி, பட்டாணி அரளியைக் கடிச்சிருச்சுங்க. பாதி இதழ் உள்ள போயிருக்கு. மாலையைப் போட்டது நான்தான்.”

அவள் ஓடி வந்தாள். பூனையை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அண்ணனும் ஹரிஹரசுதனும் பின்னால் ஓடினார்கள். சந்தில் காத்திருந்த அதே ஆட்டோவில் டாக்டரிடம் போனார்கள். அவன் அந்தக் கடித்த பூவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே போனான்.

டாக்டர் பூவைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். சிவப்புத் துணுக்குகள் வந்தன. கரித்தூள் கரைத்துப் புகட்டினார். இதயத்தைப் பார்க்கிற கருவியில் ஒயரை மாட்டிவிட்டு, எல்லாரையும் வெளியே உட்காரச் சொன்னார். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. ரஞ்சனி ஒரு கோடியில், அவன் மறு கோடியில். மரத்து நிழல் மெல்ல நகர்ந்து சுவரில் ஏறியது. காக்கை கத்துவதும் ரோட்டில் பஸ் போவதும் எங்கோ தூரத்தில் கேட்டன. இந்த முறை அவனுக்கு எந்தக் கனவும் வரவில்லை. பூனை பிழைத்தால் போதும், கல்யாணம் இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும் என்று கருப்பனிடம் கெஞ்சினான். நிஜமாகவே அப்படித்தான் கெஞ்சினான்.

நடுவில் அக்காவின் போன் வந்தது. மாலையை அப்போதே எடுத்துவிட்டேன், தரையையும் துடைத்துவிட்டேன், சாமி கோபித்துக்கொள்ளாது, பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். போட்ட மாலையை அன்றைக்கே கழற்றுகிறவள் இல்லை அவள்.

பொழுது சாய்ந்த பிறகு டாக்டர் வெளியே வந்து, பட்டாணி இருந்த கூடையை ரஞ்சனியின் மடியில் வைத்தார். விஷம் ஏறுவதற்குள் கொண்டு வந்துவிட்டீர்கள், அதனால் தப்பித்தது, நாடி தடுமாறிய பிறகு வந்திருந்தால் என் கையில் இல்லை என்றார். விடியும்வரை பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், சோர்ந்து படுத்தால் உடனே தூக்கி வர வேண்டும். ஜெயக்குமார் ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஹரிஹரசுதன் எழுந்து நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான். அதற்குள் ரஞ்சனி பேசினாள். மடியில் இருந்த கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“முன்னால இருந்தவர், ஒருநாள் இதை வண்டியில வச்சுக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுட்டு வந்துட்டார். இது தானா திரும்பி வந்தப்புறம், அவர் கொண்டுபோனதைப் பாத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது; அன்னைக்கு ஓடிப்போச்சுன்னார். நான் அழுதுக்கிட்டே தெருத்தெருவாத் தேடுனேன். அவரும் என்கூட வந்தாருங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடுனார்.”

அவன் குனிந்து கூடையைப் பார்த்தான்.

“இன்னைக்கு சமையக்கட்டு வாசல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க எதையோ எடுத்துக் கையை மூடுனீங்க. முகம் வெளுத்துப் போச்சு. சரி, இவரும் இவ்வளவுதான், கிளம்பிடலாம்னு நினைச்சேன்.” கூடையின் மூடியைச் சரிசெய்தாள். “அப்புறம் திறந்தீங்க.”

அவனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை. ரஞ்சனி கூடையை அவனிடம் நீட்டினாள், அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உள்ளேயிருந்து பட்டாணி எரிச்சலாக ஒரு குரல் கொடுத்தது.

ஆட்டோ வந்து நின்றது. ஜெயக்குமார் டிரைவரிடம் எடமலைப்பட்டி புதூர் என்று சொல்ல ஆரம்பித்தார். ரஞ்சனி அவரைத் தாண்டி ஏறி உட்கார்ந்து, ஹரிஹரசுதனுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

“வீட்டுக்குப் போகணுங்க” என்று சொல்லி, வடக்குச் சித்திரை வீதிக்கு வழி சொன்னாள்.