அரைக்கல் ஆழம்

சதுக்கத்து மாடிக் கட்டடத்தின் முகப்புப் பலகை மூன்று முறை மாறியது. முதலில் ஜவுளிக்கடை. அது நொடித்ததும் வங்கி. வங்கி போனதும் கம்ப்யூட்டர் வகுப்பு. கடைசியாகச் செல்போன் பழுதுபார்க்கிற கடை. ஊரார் வாயில் மட்டும் எப்போதும் ஒரே பெயர்தான்: குடிகாரன் கட்டடம். பஸ் கண்டக்டர்கூட அப்படிக் கூவித்தான் ஆளை இறக்குவார். அம்மா முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வருவாள்.

அந்தக் குடிகாரன் என் அப்பா. கொத்தனார். ஜவுளிக்கடை திறப்பதற்கு முதல் நாள், இரண்டாம் மாடி வெளிச்சுவரைப் பூசும்போது சாரத்திலிருந்து விழுந்து செத்தார். எனக்கு அப்போது நாலு வயது. குடித்துவிட்டு ஏறினான், விழுந்தான் என்றார் முதலாளி. விசாரிக்க வந்தவர்கள் அதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

அப்பா குடிக்கிறவர்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாவதற்குப் பதினோரு நாள் முன்பு, "இனிமே தொட்டா என்னை வீட்டுக்குள்ள விடாதே" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் செத்ததைவிட, அந்தப் பேச்சை மீறிவிட்டுச் செத்ததுதான் அம்மாவுக்கு ஆறவில்லை. "பதினோரு நாள் தாங்கலை அந்த ஆளுக்கு" என்பாள். அவர் படத்தைப் பெட்டிக்குள் அடியில் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அந்தக் கட்டடத்தை இடிக்கிற வேலை நான் கூலிக்குப் போகிற குழுவுக்கே வந்தது. இரண்டு பக்கமும் கடைகள் ஒட்டிக்கொண்டிருந்ததால் இயந்திரம் விட முடியாது. மேலிருந்து கல் கல்லாகத்தான் கழற்ற வேண்டும்.

மாமாவும் வந்திருந்தார். அம்மாவுக்குத் தம்பி. சாரம் கட்டுவது அவர் தொழில். அப்பா போனபின் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் எங்கள் இரண்டு பேருக்கும் உழைத்துக் கொட்டினவர். இப்போது முட்டி தேய்ந்துவிட்டதால் கீழே உட்கார்ந்து, இறக்கின செங்கல்லில் ஒட்டின காரையைக் கொத்திக்கொண்டிருப்பார்.

நாங்கள் இரண்டாம் மாடிக்கு இறங்கின அன்று, அந்த முட்டியோடு மாமா மேலே ஏறி வந்து நின்றார்.

"ரோட்டுப் பக்கச் சுவரை நான் பாத்துக்கிறேன். நீ பின்பக்கம் போ."

"படி ஏறவே மூணு தடவை உக்காந்தீங்க. கடப்பாரையைத் தூக்கப் போறீங்களா?"

ஓயாமல் பேசுகிறதால் ரேடியோ என்று நாங்கள் கூப்பிடும் கூட்டாளி விடவில்லை. "உனக்குப் புரியலையாப்பா? உள்ள புதையல் இருக்கு. எனக்குப் பாதி, மாமா! இல்லேன்னா ஊருக்கே சொல்லிடுவேன்."

மாமா சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறேன் என்று படியில் போய் உட்கார்ந்தார். அவருக்குச் சிரமம் வேண்டாமென்று நானே சுவரில் கை வைத்தேன்.

சாரம் கட்டும்போது குறுக்குக் கம்பின் நுனியைச் சுவரில் குழி விட்டுச் செருகுவார்கள். ஒரு முழுச் செங்கல் நீளத்துக்கு உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் ஆள் பாரத்தில் நழுவிவிடும். வேலை முடிந்ததும் கம்பை உருவி, குழியைக் கல்துண்டால் அடைத்துப் பூசிவிடுவார்கள். இடிக்கும்போதுதான் அடைப்பு கண்ணுக்குப் படும். அந்தச் சுவரில் ஐந்து அடைப்பு இருந்தது. நாலு, சுவரின் மறுபக்கம் வரைக்கும் போயிருந்தது. ஐந்தாவது ஜன்னலுக்கு இடப்பக்கம், அப்பா விழுந்த இடம் என்று ஊரே விரல் நீட்டுகிற இடம். அடைப்பைப் பெயர்த்தேன். அரைக் கல்லோடு நின்றது. அதற்குப் பின்னால் அசையாத பழைய கல். அந்தப் பக்கம் முதலாளியின் அறை, நீல எண்ணெய்ப் பெயிண்ட்.

திரும்பினேன். மாமா பின்னால் நின்றிருந்தார்.

"உள்ள அப்பத்தான் பெயிண்ட் காஞ்சிருந்துச்சு," என்றார். "இந்தப் பக்கம் ஓட்டை விழுந்தா தொலைச்சுடுவேன்னார் முதலாளி. ஒரு மணி நேர வேலைதானே, அரைக்கல் தாங்கும்னு விட்டேன். ஏறும்போது மச்சான் கேட்டார், சரியா இருக்காடான்னு. இருக்குன்னேன்."

"அப்ப குடிச்சிருந்தார்னு சொன்னது?"

"நான் சொல்லலை. முதலாளி சொல்லிட்டு, ‘வாடை அடிச்சுதுல்ல?’ன்னு என்னைப் பாத்தார். தலையாட்டினேன். எனக்கு இருபது வயசுடா."

"முப்பத்திரண்டு வருஷமா ஆட்டிக்கிட்டே இருந்திருக்கீங்க."

ரேடியோ தன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சுவருக்குப் போனான்.

மதியம் அம்மா எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வழக்கம்போலச் சதுக்கத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். "நீங்களே சொல்லுங்க," என்று மாமாவை முன்னால் விட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். முடிந்தபின் அம்மா ஒன்றைத்தான் கேட்டாள்.

"வாடை இல்லையா?"

"இல்லக்கா."

"துளிகூட?"

"காலையில நீ குடுத்த டீதான்கா."

அம்மா சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "சொன்னதைக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்கார். நான் அந்த மனுஷனை ஒரு நாள் விடாம திட்டினேனேடா." பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "கம்பு சரிஞ்சதுக்கு உன்னை அன்னைக்கே மன்னிச்சிருப்பேன். அதுக்கு மேல வாடையை ஏன்டா வச்ச?"

பையிலிருந்து இரண்டு டப்பாக்களையும் எடுத்து வைத்துவிட்டு அம்மா எழுந்து போனாள். மாமாவின் டப்பா மூடியோடு அப்படியே வீடு திரும்பியது. மாமா திரும்பவில்லை. வேலை செய்யும் இடத்துக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். அம்மாவும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அன்று இரவு அம்மா பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தபோது, கண்ணாடியோடு ஒட்டிப்போய் அப்பாவின் முகம் பாதி உரிந்திருந்தது.

கட்டடம் தரையோடு போய் ஒரு வாரம் கழித்து அம்மாவும் நானும் பஸ்ஸில் வந்தோம். முந்தின நிறுத்தத்தில் அவள் எழவில்லை.

"குடிகாரன் கட்டடம்! இறங்கறவங்க வாங்க!"

அம்மா எழுந்து கண்டக்டருக்கு எதிரே போய் நின்றாள். சின்ன வயசுக்காரர், முப்பதுகூட இருக்காது.

"அன்னைக்கு அவர் குடிக்கலைப்பா."

"யாரும்மா?"

"இந்தக் கட்டடத்துல விழுந்தவர்."

கண்டக்டர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெறும் மண்ணும் உடைந்த கல்லும் கிடந்தன. இந்தக் கட்டடத்தில் யாரோ விழுந்தார் என்பதே அவருக்குப் புதிது போலிருந்தது.

"ஸ்டாப் பேரு அதுதாம்மா. இறங்குங்க, பின்னால வண்டி நிக்குது."

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.