கழிப்பறைக்கு ஐம்பத்து மூன்று டிகிரி

என் மாமியார் டவர் கிரேன் ஓட்டுகிறவர். அதே கட்டடத்தில் நான் இன்ஜினியர். வேலை நேரத்தில் உறவு கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். வாக்கிடாக்கியில் அவர் என்னை ‘சார்’ என்பார். நான் ‘ஆபரேட்டர்’ என்பேன். கல்யாணமாகி எட்டு மாதமாக எனக்கு ஒரே ஆசை, ‘கணக்கு சரி’ என்று அந்த வாயிலிருந்து ஒரு தடவையாவது வரவேண்டும். போயும் போயும் இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்ற முகத்தோடுதான் அவர் மேலே உட்கார்ந்திருப்பார். கீழிருந்து முகம் தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்று புதுக் கழிப்பறைக் கூண்டை இறக்கவேண்டும். பழையது உடைந்து இரண்டு நாளானதால் மொத்த ஆட்களும் என்னைக் கொலைவெறியோடு பார்த்தார்கள். வரைபடத்தில் கிரேனின் அடிதான் பூஜ்யம். அங்கிருந்து கிழக்கே மைனஸ் ஒன்பது மீட்டர், வடக்கே மைனஸ் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. கிரேனுக்கு இந்த பாஷை புரியாது. எவ்வளவு திரும்பணும், எவ்வளவு தூரம் நீட்டணும், அவ்வளவுதான். துருவ ஆயத்தொலைவு என்று கல்லூரியில் படித்தது.

எண்பத்தொன்றையும் நூற்று நாற்பத்து நான்கையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தேன்: பதினைந்து மீட்டர். பன்னிரண்டை ஒன்பதால் வகுக்கும்போது மைனஸும் மைனஸும் அடிபட்டுப் போயின. அதற்கான கோணம் ஐம்பத்து மூன்று டிகிரி என்றது கால்குலேட்டர். கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக அவ்வளவு திருப்பச் சொல்லிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கூண்டு கொஞ்ச தூரம் போய் அந்தரத்தில் நின்றது.

“சார், நீங்க சொன்ன இடத்துல முதலாளி நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. அவரை எழுந்திருக்கச் சொல்லட்டா?”

திரும்பிப் பார்த்தேன். நேரெதிரே, தென்மேற்கில், கழிப்பறை இறங்கவேண்டிய இடத்தருகே, ஆட்களின் நீண்ட வரிசை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, விலகிப் போகும் கூண்டைப் பரிதாபமாகப் பார்த்தது. வரைபடம் போட்டவன்மேல் பழியைப் போடலாம், அவன் லீவு. ஆனால் இரண்டு மைனஸும் தாளில் பளிச்சென்று இருந்தன: கிழக்கே மைனஸ் என்றால் மேற்கு, வடக்கே மைனஸ் என்றால் தெற்கு. என் பேச்சைக் கேட்க எல்லார் வாக்கிடாக்கியும் திறந்திருந்தது.

“அத்தை, தப்பு என்னோடதுதான். மைனஸைக் கவனிக்கல. நூத்தி எண்பது கூட்டிக்கங்க, இருநூத்தி முப்பத்து மூணு.”

மேலிருந்து பதில் வந்தது.

“எனக்கு அப்பவே தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் நிறுத்தினேன். இப்ப கணக்கு சரி, மாப்பிள்ளை.”

கூண்டு அரை வட்டம் சுற்றி வந்து இறங்கியது. வரிசையில் கைதட்டல். எட்டு மாத ஏக்கம் தீர்ந்த சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கும் இரண்டு நாளாகிறதே.