பெண்கள் பக்கத்து வடம்

ஜெயனியின் சமையலறை நாட்காட்டியில் நாள் பார்க்க முடியாது. தமிழ்க் கடையில் இனாமாகக் கொடுத்த நாட்காட்டிதான். திதி, நட்சத்திரம், ராகுகாலம், கோயில் விசேஷம் எல்லாம் பெட்டி பெட்டியாக அச்சடித்துத்தான் வந்தது. அதற்கு மேலே வருடம் பிறந்த கையோடு உட்கார்ந்து உலகத்து றக்பி லீக் ஆட்டம் முழுவதையும் எழுதிவிடுவாள். ஆஸ்திரேலியாவுக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்கு நீலம், பிரான்சுக்குக் கறுப்பு, பப்புவா நியூகினிக்குப் பச்சை. பனி கொட்டுகிற மாசியில் இங்கிலாந்துக்காரர் தொடங்குவார்கள், மார்ச்சில் ஆஸ்திரேலியா, ஒக்ரோபரில் இறுதியாட்டங்கள், அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு. ஒரு பெட்டி மிச்சமில்லை. மகளுக்குப் பல் வைத்தியர் எந்தக் கிழமை என்று கேட்டால் முழிப்பாள். சிட்னியில் இந்த வெள்ளி யாருக்கும் யாருக்கும் போட்டி என்று நித்திரையில் எழுப்பிக் கேளுங்கள், சொல்வாள்.

இந்த விசர் எங்கிருந்து வந்தது என்றால், பிறந்த இடத்திலிருந்து வந்தது. அவளுடைய அப்பா பப்புவா நியூகினியில், லே என்ற ஊரில், கணித வாத்தியார். அந்த நாட்டில் றக்பி லீக் என்றால் அரசாங்கமே கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கப் போகும். பதினொரு வயதில் மொன்ட்ரியாலுக்கு வந்து இறங்கியபோது அவளிடம் தமிழும் இருந்தது, அந்த விளையாட்டும் இருந்தது. இங்கே எல்லாரும் ஐஸ் ஹொக்கி பார்த்தார்கள். தமிழர்கள் கிரிக்கெட் பார்த்தார்கள். பார்க்கட்டும், அவள் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல். றக்பி என்ற பெயரில் இரண்டு விளையாட்டு இருக்கிறது. பதினைந்து பேர் குவிந்து கிடந்து தள்ளுவது வேறு. இது பதின்மூன்று பேர் விளையாடுவது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், எதிரி பிடித்து விழுத்துவான், எழும்பித் திரும்ப ஓடவேண்டும். ஆறு தரம் விழுவதற்குள் கடைசிக் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து அவனுக்குப் போய்விடும். அவ்வளவுதான். இதை அவள் கணவன் அகிலனுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். பஸ் ஓட்டுகிற மனுஷன், நகரத்தின் எல்லாத் தெருவும் மனப்பாடம், இந்த ஆறு மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை.

பார்த்துக்கொண்டு இருந்தவள் இரண்டு வருடத்துக்கு முன்னர் விளையாடவும் இறங்கினாள். வில்லரே பகுதியில் ஒரு garderie-யில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை அவளுக்கு. சின்னதாக ஒரு பெண்கள் போட்டித் தொடர் இங்கே நடக்கிறது, ஆறு அணிகள், கோடைகாலம் மட்டும். அதில் ஒரு தமிழ் அணியைச் சேர்க்கவேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். ஆளுக்கு எங்கே போவது? தமிழ் விளையாட்டு விழாவில் வருடா வருடம் கயிறிழுத்தலில் வெல்லுகிற பெண்களிடம் நேரே போனாள். அவர்களுக்குத் தலைவி செண்பகம். கலியாணச் சாப்பாட்டு வேலை செய்கிறவள், முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற கிடாரத்தைத் தனியாக இறக்குவாள். முதல் நாள் பயிற்சியில் பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொன்னதும் எதிரே நின்ற இருவரைச் சாய்த்துவிட்டுப் போய், இனி எங்கே போகவேண்டும் என்று செண்பகம் கேட்டாள். ஜெயனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள் அரைக் காற்சட்டையோடு சேற்றில் உருளுகிறார்கள் என்று கதை வந்தது. அந்தக் கதையின் தலைமை அலுவலகம் கோயில் பரிபாலன சபைத் தலைவர் மாணிக்கம். ஜெயனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வருடம் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை, அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம்தான் சிக்கல் வந்தது. மே மாதத்து ஆட்டத்தன்று ரொறொன்ரோவில் ஒரு கலியாணம். அணியில் பாதி பேர் சொந்தம் என்று போய்விட்டார்கள். ஆள் இல்லாமல் ஆட்டம் கைவிட்டுப் போனது. தொடரின் விதி கண்டிப்பானது: ஒரு பருவத்தில் இரண்டாம் தரமும் வராவிட்டால் அணியின் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வெட்டினதுதான். இடத்துக்குக் காத்திருக்கிற அணிகள் வரிசையில் நின்றன.

ஆகவே யூலையில் உங்களுக்கு எந்த ஞாயிறு வசதி என்று தொடரின் செயலாளர் கேட்டபோது, ஜெயனி மிகக் கவனமாகத் தன் நாட்காட்டியைப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பச்சைப் பந்து ஒன்று பெரிதாக வரைந்து நிறம் தீட்டியிருந்தது. லே அணியின் ஆட்டம். லேயில் ஞாயிறு மத்தியானம் என்றால் இங்கே சனி இரவோடு முடிந்துவிடும். ஞாயிறு பகல் வெறுமை. அந்த நாளையே கேட்டு வாங்கினாள். அந்தப் பச்சைப் பந்துக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

அச்சடித்திருந்தது தேர்த் திருவிழா.

செண்பகம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது ஜெயனி நாட்காட்டியைக் கழற்றி யன்னலில் வைத்து வெளிச்சத்துக்குப் பார்த்தாள். பச்சை மைக்குள் மங்கலாகத் தேரின் முடி தெரிந்தது. உலகத்தில் எந்த மூலையில் எந்தப் பந்து உருளுகிறது என்று தெரிந்தவளுக்குப் பக்கத்துக் கோயில் தேர் எப்போது உருளும் என்று தெரியவில்லை. அகிலன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

தேர் என்றால் இரண்டு வடம். வலது பக்கத்து வடம் ஆண்களுக்கு, இடது பக்கத்து வடம் பெண்களுக்கு. பெண்கள் வடத்தின் முன்பக்கத்தைக் கயிறிழுக்கிற கோஷ்டிதான் பிடிக்கும். அது அவர்களுடைய இடம், வருடக்கணக்கான நேர்த்திக்கடன். பதின்மூன்று பேரில் பத்துப் பேர் அதில் நின்றார்கள், ஜெயனி உட்பட. தேருக்குப் போகாதே என்று யாரிடம் சொல்வது? செண்பகம் முன்னமே சொல்லிவிட்டாள். வருடம் முழுக்க உன் பின்னால் ஓடுகிறேன், தேரன்றைக்கு மட்டும் கேட்காதே என்று.

செயலாளரிடம் நாளை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். நீங்களே கேட்ட நாள்தானே, மதாம் என்றார் அவர் மரியாதையாக. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். தேர் காலையில் வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் இருப்பிடத்துக்கு வந்துவிட்டால், கார்களில் அள்ளிப் போட்டுக்கொண்டு மூன்று மணி ஆட்டத்துக்கு மைதானம் போய்விடலாம். தேரை நேரத்துக்கு இழுப்பிக்க முடியுமா என்று கேட்க மாணிக்கத்திடம் போனாள். சாமி உங்களுடைய பந்துக்கு நேரம் பார்த்து ஓடமாட்டார் பிள்ளை என்றார் அவர். அது சரிதானே என்று ஜெயனிக்கும் பட்டது. திரும்பி வந்துவிட்டாள்.

தேரன்று நல்ல வெயில். தார் ரோட்டில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்காகக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தேர் சொன்ன நேரத்துக்கே வெளிக்கிட்டது. முதல் சந்தி, இரண்டாம் சந்தி, அருச்சனை, தேங்காய், எல்லாம் ஒழுங்கு. ஜெயனி மனதுக்குள் முருகனுக்கு நன்றி சொன்னாள். மூன்றாம் சந்தியில் தேர் நின்றது.

நின்றது நின்றதுதான். அருச்சனை முடிந்தது, அப்போதும் நின்றது. ஒலிபெருக்கியில் மாணிக்கத்தின் குரல் வந்தது. கௌரவ எம்.பி. அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் வடம் தொட்டதும் தேர் புறப்படும், அடியார்கள் அமைதி காக்கவும். அடியார்கள் காத்தார்கள். ஆண்கள் வடத்தை நிலத்தில் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார்கள். தேரின் மேலே குருக்கள் சால்வையால் விசிறிக்கொண்டிருந்தார். பச்சைப் பிள்ளைகள் அழுதன. எம்.பி. வேறு எங்கேயோ நாடா வெட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அணியில் மிச்ச மூன்று பேரும் ஏற்கெனவே மைதானத்தில் நின்றார்கள். அவர்களில் மாக்கிரட் வேதக்காரி, கோயிலுக்கல்ல, சேர்ச்சுக்குப் போகிறவள், ஆஸ்பத்திரியில் தாதி, அணியிலே வேகமான ஓட்டக்காரி. அவள் கைபேசியில் கூப்பிட்டாள். எதிரணி வந்து உடற்பயிற்சி செய்கிறது, நடுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நான் என்ன சொல்ல என்று கேட்டாள். வாறம் என்று சொல்லு என்றாள் ஜெயனி. சொல்லிவிட்டு வடத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்து நேரே மாணிக்கத்திடம் போனாள்.

இவ்வளவு சனம் வெயிலில் நிற்கிறது, தேரை இழுக்கச் சொல்லுங்கள் என்று அவள் தன்மையாகத்தான் தொடங்கினாள். மாணிக்கம் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். "நீர் பந்தடிக்கப் போகவேணும் எண்டதுக்காகச் சாமியை ஓடச் சொல்லுறீரோ? ஒரு பொறுமை இல்லையோ உங்களுக்கு?"

ஜெயனிக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணை, சாமிக்காக நிக்கிறதெண்டா பொழுதுபட மட்டும் நிப்பன். எம்.பி.க்காக ஒரு நிமிசமும் நிக்கமாட்டன்."

திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே செண்பகத்துக்கு விளங்கிவிட்டது. தேர் இருப்பிடத்துக்குப் போகாமல் வடத்தை விடக்கூடாது, விட்டால் குற்றம், என்ன வந்தாலும் நான் விடமாட்டேன் என்று முந்திக்கொண்டு சொன்னாள்.

"ஆரக்கா விடச் சொன்னது?" என்றாள் ஜெயனி. "இழுக்கச் சொல்லுறன்."

செண்பகம் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் செருகினார்கள். அணியில் இல்லாத பெண்களும், பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வந்து வடத்தைப் பிடித்தார்கள். நின்று நின்று கால் பொரிந்தவர்களுக்கு யாராவது தொடங்கினால் போதும் என்று இருந்திருக்கிறது. சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாணிக்கத்தைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார், யாருக்குக் கூடப் பயப்படவேண்டும் என்று யோசித்துவிட்டுக் கட்டையை உருவினார்.

பயிற்சியில் எண்ணுகிற மாதிரியே ஜெயனி எண்ணினாள். ஆறுக்குள் அசையவேண்டும். ஒண்டு என்றபோது வடம் விறைத்தது. ரெண்டு, மூண்டு, தேர் மலை மாதிரி நின்றது. நாலுக்கு யாரோ ஒருத்திக்குக் கால் வழுக்கியது, விழவிடாமல் பின்னால் நின்றவள் தோளால் தாங்கினாள். அஞ்சுக்குச் சில்லு முனகியது. ஆறுக்குத் தேர் உருண்டது.

அரோகரா என்ற சத்தம் தெருவைப் பிளந்தது. ஒரு பக்கத்து வடத்தால் மட்டும் இழுத்தால் தேர் திரும்பிவிடும் என்று ஆண்களுக்குத் தெரியும். நிழலில் நின்றவர்கள் குடித்த மோரைப் போட்டுவிட்டு ஓடி வந்து தங்கள் வடத்தைத் தூக்கினார்கள். மாணிக்கம் ஒலிவாங்கியில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமி அசைந்த பிறகு எந்தத் தமிழன் நில் என்று சொல்லுவான்? ஒலிவாங்கியோடு சேர்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அவரும் அரோகரா என்றார். அந்தச் சத்தம்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது. தேர் பிறகு எங்கேயும் நிற்கவில்லை.

மூன்று காரில் பத்துப் பேர். நெடுஞ்சாலையில் போகப் போகச் சேலைக்கு மேலேயே சட்டையைப் போட்டு, உள்ளே சேலையை உருவி, ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் வாயில். மைதானத்தில் போய் விழுந்தபோது நடுவர் விசில் வாயில் வைத்தபடி நின்றார். மாக்கிரட் அவருக்கு முன்னால் நின்று, ஒரு அணியின் பெயரை வெட்டுவதென்றால் கையெழுத்து எங்கே போடவேண்டும், எந்த நிறப் பேனை, பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்த மனுஷனைப் பிடித்து வைத்திருந்தாள். எதிரணி மொன்ட்ரியால்-நோர் பகுதிப் பெண்கள், பெரும்பாலும் ஹெயிற்றிக்காரர். நெற்றியில் திருநீறும் சந்தனமுமாக ஓடி வந்தவர்களைப் பார்த்து அவர்களுடைய தலைவி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். விளையாடாமல் வெல்லுவது அவளுக்கும் பிடிக்கவில்லை.

தண்ணீர் கொடுத்த கையாலேயே பிறகு அடித்து நொறுக்கினார்கள், அது வேறு விஷயம். தமிழ் அணி தோற்றது. முப்பத்துநாலுக்கு நாலு. வடம் பிடித்த உள்ளங்கைகள் எல்லாம் கொப்புளம். பந்து பட்டதும் உயிர் போனது. கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் நாலு புள்ளி. அந்த நாலு எப்படி வந்ததென்றால், செண்பகம் மூன்று பேரை இழுத்துக்கொண்டு போய் விழுந்தபடியே பந்தைப் பின்னால் போட்டாள், மாக்கிரட் அதை எடுத்துக்கொண்டு மூலைவரை ஓடிப் படுத்தாள். மற்றப் பன்னிரண்டு பேரும் அவளுக்கு மேலே விழுந்து கத்திய கத்தலைக் கேட்டுப் பக்கத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த குடும்பம் எழும்பி நின்று பார்த்தது. ஜெயனி புல்லில் கிடந்து அழுதாள். தோற்றால் என்ன? ஆடித்தானே தோற்றார்கள். பெயர் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, சிட்னி ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மாணிக்கம். எம்.பி. வந்தபோது தேர் இருப்பிடத்தில் இருந்ததாம், அவர் நின்று படம் எடுக்க வெறும் ரோட்டுத்தான் மிச்சமாம். இப்படி ஒரு அவமானம் கோயிலுக்கு வந்ததே இல்லையாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"சபை முடிவெடுத்திருக்கு. அடுத்த வருசம் உங்கட ஆக்களுக்கு வடம் இல்லை. வேற பொம்பிளையளிட்டைக் குடுக்கப்போறம்."

ஜெயனி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். கையில் கொப்புளம் உடைந்த இடம் இன்னும் எரிந்தது.

"குடுங்கோ அண்ணை," என்றாள். "நாங்கள் ஓரமா நிண்டு கும்பிடுறம். தேர் அசையேல்லை எண்டா மட்டும் கூப்பிடுங்கோ."

தேரின் பாரம் எவ்வளவென்று மாணிக்கத்துக்குத் தெரியும். பிறகு கதைப்பம் என்று முணுமுணுத்துவிட்டு வைத்தார்.

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அகிலன் திரையைக் காட்டினான். அவளுடைய சிட்னி அணிக்காரன் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தான், மேலே நாலு பேர். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அகிலன் விழுந்த தரங்களைச் சரியாக எண்ணியிருந்தான்.

"அஞ்சுதானே," என்றான். "இன்னும் ஒண்டு கிடக்கு."