சுவர்மேல் பதித்த சில்லுகள்

பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் பெரியபாளையத்துக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்த இரவில், யாரோ பூட்டை உடைத்து பீரோவைத் துடைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஸ்டீவனுக்குத் தூக்கம் போய்விட்டது. அவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. அந்த மாதம் நைட் ஷிப்ட் வேறு. நானோ நிறைமாதக்காரி. ஊத்துக்கோட்டையிலிருந்து அம்மா அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. என்னைத் தனியாக விட்டுப் போக அவருக்குப் பயம். அதை வாயால் சொல்லத் தெரியாத மனிதர், டிரில்லிங் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

முன்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கேட். உள்ளே மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். பின்கதவுக்கும் அப்படியே இரண்டு, கூடவே முழுக்கத் தகரம்.

"வாசல்ல ஒரு அகழி வெட்டி ரெண்டு மொதல உட்டீங்கன்னா வேல முடிஞ்சிடும்" என்றேன்.

"சிரிக்காத கிறிஸ்டினா. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போட்டுடணும்" என்றார் வேர்வையைத் துடைத்தபடி.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். படுக்கப் போகுமுன் அடுப்படியில் பின்கதவை ஒட்டி அண்டா, அதன்மேல் குண்டான், அதன்மேல் சொம்பு, உச்சியில் இரண்டு டம்ளர் என்று அடுக்கி வைப்பேன். கதவை அசைத்தாலே தெருவே எழுந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "திருடன் இத்த பாத்து பயப்பட மாட்டான். நீ விருந்து வெக்கிறேன்னு நெனச்சிக்கினு எல போட்டு குந்திப்பான்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியாகப் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கிற மார்பளவுச் சுவரில் கை வைத்தார். அந்தப் பக்கம் சின்னராசு அண்ணனும் செண்பகம் அக்காவும் இருக்கிறார்கள். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்தச் சுவர்மேல் வந்து உட்கார்ந்துவிடும். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று நானும் எதையாவது போட்டு வைப்பேன். அதே இடத்தில் சிமெண்டைப் பூசி, உடைத்த பாட்டில் சில்லுகளை வரிசையாக நட்டார் இவர்.

அக்கா வந்து பார்த்தார். "இன்னா ஸ்டீவன், எங்க ஊட்டு பக்கத்துலர்ந்தா திருடன் வரப்போறான்?"

"உங்கள சொல்லலக்கா. எவனாவது உங்க பக்கமா ஏறி வந்துட்டா?"

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். அன்றோடு கிண்ணம் நின்றுபோனது. எனக்கு வந்த கோபத்துக்கு இவரிடம் இரண்டு வேளை முகம் கொடுத்தே பேசவில்லை. "புள்ள பொறக்கட்டும், எடுத்துடலாம்" என்றார்.

அம்மா வருவதற்குள் ஒரு நாள், பொழுது விடிகிற நேரம். இவர் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவள் வழுக்கி விழுந்தேன். பனிக்குடம் உடைந்துவிட்டது. இடுப்பைப் பிடித்த வலியில் எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. கத்திப் பார்த்தேன், முனகல்தான் வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை தாழ்ப்பாளுக்குள் என் பிள்ளை போய்விடுமோ என்று நினைத்தபோதுதான் காலருகே அண்டா தெரிந்தது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உதைத்தேன்.

"எவன்டா அது?" என்று சின்னராசு அண்ணன் குரல். யாரோ சுவரேறிக் குதிக்கும் சத்தம். கட்டையோடு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தவர், என்னைக் கண்டதும் கட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"செம்பகம், முருங்கக்கா பறிக்கிற தொரட்டிய எடுத்துக்கினு வா. கிறிஸ்டினாவுக்கு வலி கண்டுடுச்சி."

அக்கா சில்லுகள்மேல் சாக்கை மடித்துப் போட்டு ஏறி வந்தார். கீழ்த் தாழ்ப்பாளை நான் தவழ்ந்து போய்த் தள்ளினேன். கதவை ஒட்டியிருந்த ஜன்னல் கம்பி வழியாகத் தொரட்டியை விட்டு, மேல் தாழ்ப்பாளை அண்ணன் கொக்கி போட்டு இழுத்தார். என் வீட்டுக்காரர் முதுகு ஒடியப் பொருத்திய தாழ்ப்பாள் முருங்கைக்காய் மாதிரி கீழே இறங்கியது.

அக்கா என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பயப்படாத கண்ணு, நான் கீறேன்ல." அண்ணன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அப்போதுதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தேன். எனக்கு உயிரே நின்றுவிட்டது.

"அது உன்னுது இல்லம்மா, என்னுது" என்று அண்ணன் உள்ளங்கையைக் காட்டினார். சில்லு குறுக்காகக் கிழித்திருந்தது.

மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். நல்ல குரல். கம்பெனி சட்டையோடு ஓடி வந்த ஸ்டீவன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசலில் கையில் கட்டுப் போட்டு நின்ற அண்ணனைப் பார்த்தார்.

"கையில இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்ல, லேசா கீறிக்கிச்சி. நீ போய் புள்ளைய பாரு."

நான்தான் நடந்ததைச் சொன்னேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர், அண்ணனுடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

மகளோடு வீடு திரும்பிய அன்றே பின்பக்கம் உளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அண்ணன் பதறிக்கொண்டு நின்றார்.

"ஏம்பா, பாடுபட்டு வெச்சத பேத்துக்கினு கீற? நைட்ல திருடன் வந்துட்டா?"

"திருடன் வந்தா பாத்துக்கலாம்ணா. நீ வர்றதுக்கு வழி வேணும்" என்றார் ஸ்டீவன்.

சாயங்காலம் அந்தச் சுவர்மேல் கிண்ணம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கென்று அக்கா வைத்த பூண்டுக் குழம்பு.

இப்போதெல்லாம் ராத்திரி அண்டாவை அடுக்குவது இவர்தான். படுக்குமுன் நான் ஜெபம் செய்கிறேன். ஆண்டவருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அண்ணன் பெயரும் அக்கா பெயரும் முந்திக்கொண்டு வந்துவிடுகின்றன. ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், சுவரேறி வந்தது யாரென்று அவருக்கும் தெரியும்.