லிஜோ ஓடிப்போகவில்லை

1

ஒரு பத்திரிகை என்னிடம் பேய்க்கதை கேட்டது. கடலில் நடந்தால் நல்லது என்றது. 2005இல் ஷார்ஜா ரோலாவில், எங்கள் அறையில் ஓடிய ஜப்பானியப் படம்தான் உடனே நினைவுக்கு வந்தது. வாடகைக்கு அந்த சிடியை எடுத்துவந்தவன் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கறுத்த கடலிலிருந்து ஈரக்கூந்தல் ஒன்று மெல்ல மெல்ல...'

வேண்டாம். ஞானசிங் கண்டால் தாளைக் கிழித்திருப்பார்.

2

ஞானசிங் எங்கள் அறைவாசி, குமரிக் கடற்கரைக்காரர். ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சில் வேலை. அன்று வெள்ளிக்கிழமை மதியம். படத்தில், மூழ்கிச் செத்த பெண் ஒருத்தி கப்பலில் ஏறி, தன்னைக் கைவிட்டவர்களை ஒவ்வொருவராகக் கடலுக்குள் இழுத்தாள். இன்னொரு அறைவாசி பாண்டித்துரை தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். ஞானசிங் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"பயந்துட்டீங்களாண்ணே?" என்றான் பாண்டித்துரை.

"பயமா? எலேய், செத்தவன் ஒருத்தனையும் இழுக்க மாட்டான். இழுப்பான்னா எங்க லாஞ்சில ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டோம்!"

(இங்கே 'அவர் அழுதார்' என்று எழுதியிருந்தேன். பொய். டிவியை மறைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.)

3

அதற்கு நான்கு மாதம் முன்பு, காலை எட்டு மணிக்கு, அவருடைய ஊர்க்காரன் லிஜோ வலையில் கால் சிக்கிக் கடலுக்குள் போனான். லாஞ்சை ஓட்டியவன் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "கலாஸ், யல்லா" — முடிந்தது, கிளம்பு — என்று மீன்பிடிக்கப் புறப்பட்டான். கரையில் ஓர் அரபித் தாள் தயாராக இருந்தது: லிஜோ வேலையைவிட்டு ஓடிவிட்டான். சாட்சியாக ஞானசிங் கையெழுத்துப் போட்டார்.

(இவ்வளவு நல்ல மனிதர் போடுவாரா என்று எனக்கே சந்தேகம் வந்து, இந்தப் பத்தியை இருமுறை நீக்கினேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. பாஸ்போர்ட்டை கஃபீலின், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியின், பெட்டியில் பூட்டக் கொடுத்துவிட்டு ஒருநாளாவது நடுக்கடலில் நின்றவன் அப்படிக் கேட்பானா?)

அதன்பின் லிஜோவின் மனைவி லீமா வாராவாரம் போன் செய்தாள். "அண்ணே, அவரு எங்க ஓடினாரு? வேற பொண்ணு உண்டா?" ஞானசிங் ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிடுவார்.

4

படம் பார்த்த மறுநாள், சனிக்கிழமை காலை, ஞானசிங் காவல் நிலையத்துக்குப் போனார். அங்குள்ள போலீஸ்காரர்களுக்கு இந்தி புரியும்; எடுத்துச்சொல்ல நானும் கூடப் போனேன். நான் தேவைப்படவில்லை. ஓடவில்லை, செத்தான், என் கையெழுத்து பொய் என்று தன் உடைந்த இந்தியில் அவரே மூன்று முறை சொன்னார். எழுதிக்கொண்டார்கள். பத்தே நாளில் கஃபீல் அவருடைய விசாவை ரத்து செய்தான். லாஞ்சை ஓட்டியவன் வழக்கம்போலக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

லிஜோ எழுந்து வந்து அவனை இழுத்துப்போவதாக ஒரு முடிவு எழுதினேன். அச்சில் நன்றாகவே இருக்கும். ஆனால் உயிரோடிருக்கும் நாம் செய்யவேண்டியதைச் செத்தவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அடித்துவிட்டேன்.

5

ஊருக்குக் கிளம்புமுன் ஞானசிங் லீமாவைக் கூப்பிட்டார்.

"லீமா, அவன் ஓடல்ல. கடல்ல போயிட்டான். நான் கண்டேன். அந்தப் பொய்யில என் கையெழுத்தும் உண்டு."

அவள் கேட்டாள்: "நாலு மாசமா பிள்ளையளுகிட்ட அப்பனப் பத்தி நான் என்னெல்லாம் சொல்லிட்டேன் தெரியுமாண்ணே? இனி அதுகளுக்கு என்ன சொல்ல?"

அவருடைய பதிலை இங்கே எழுதவேண்டும். மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றிலும் லீமாவைவிட ஞானசிங்குக்குத்தான் ஆறுதல் அதிகம். 'கடவுள் பார்த்துக்கொள்' —

முடியாது. நீங்கள் சொல்லுங்கள். லைனில் லீமா இருக்கிறாள்.