அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

வானொலியில் முஞ்சியாவுக்கு வியாழக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். புதிதாக வந்த குட்டி நகைச்சுவைகளிலும் நையாண்டிகளிலும் எதைப் படிக்கலாம், எது தண்டம் என்று சொல்வாள். அவளிடம் ஒரே அளவுகோல்தான்: படித்து முடிப்பதற்குள் ஒரு தடவையாவது தேநீர் மூக்கில் ஏற வேண்டும். துனிஸ் பழைய நகரத்துக் கடைத்தெரு முழுக்க அவளைக் கேட்கும். கேட்டுவிட்டு, புத்தகத்தைப் பக்கத்துக் கடைக்காரனிடம் இரவல் கேட்கும்.

ஒரு வாரம் அவள் பரிந்துரைத்தது அனீஸ் என்ற இளைஞன் எழுதிய கதை. அதில் ஒரு கம்பள வியாபாரி. பேரம் முற்றும்போது, 'அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று போனை எடுப்பான், கெஞ்சுவான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவான். அம்மா சம்மதிக்கவில்லை என்பான். வாங்க வந்தவர்கள் இரக்கப்பட்டு, அவன் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார்கள். அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது என்பது கடைசி வரியில்தான் தெரியும்.

அது யார் என்று முஞ்சியாவுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. சொந்தத் தம்பி ஜல்லூல். செத்துப்போன அம்மா அவளுக்கும் அம்மாதான். இருந்தும் வாசித்தாள், கிழவியின் குரலைக்கூடப் போட்டு வாசித்தாள். கடைத்தெருவில் வளர்ந்தவளின் புத்தி அப்படித்தான் ஓடும். நாலு பேர் கடையைப் பற்றிப் பேசினால் லாபம், திட்டினாலும் லாபம், சிரித்தால் கேட்கவே வேண்டாம். மதியத்துக்குள் தம்பி கூப்பிட்டு நன்றி சொல்வான் என்று காத்திருந்தாள்.

அவன் கூப்பிடவில்லை. திங்கள்கிழமை அவளே போனாள்.

கடையில் ஒருவர், கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, மனைவியோடு நின்றிருந்தார். நடுவில் விரித்துக் கிடந்தது கைரவான் ஊரில் நெய்த ஒரு கம்பளம்.

"அறுநூறு தினார். அதுக்குக் கீழே போனா நூல் காசுகூட வராது அண்ணே," என்றான் ஜல்லூல்.

"நானூறு. வேணும்னா உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்களேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்க்கடை அத்தர் வியாபாரி தர்கி கழுத்தை நீட்டி, "கல்லறையில சிக்னல் கெடைக்குதான்னு பாருப்பா மொதல்ல!" என்றான்.

ஜல்லூல் கம்பளத்தையே பார்த்தான். "எடுத்துக்கங்க," என்றான்.

அவர்கள் போனதும் முஞ்சியா பிடித்துக்கொண்டாள். "நானூறுக்கா? என்னடா உனக்கு வந்தது? அந்தத் தந்திரம் போனா இன்னொண்ணு கண்டுபிடி. உனக்கா பஞ்சம்?"

"தந்திரமா?" என்றான். மேசை இழுப்பறையைத் திறந்தான். அம்மாவின் பழைய போன், சார்ஜ் வயரோடு கிடந்தது. "இதுக்குத்தான் போடுவேன். மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன். உள்ளே கிர்ருனு அதிரும். அவ எடுக்க மாட்டான்னு எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் பைத்தியம் இல்லை. ஆனா 'அம்மா, இவ்வளவு கேக்கறாங்க'ன்னு சொல்லும்போதே அவ என்ன சொல்வான்னு கேட்டுடும். எங்க நிக்கணும்னு தெரிஞ்சிடும். இப்ப நான் போனைத் தொட்டாலே ஊரு சிரிக்குது. நிக்கற எடம் தெரியாம எறங்கிட்டே போறேன். இப்படியே போனா ரம்ஜானுக்குள்ள கடையைச் சாத்திடுவேன்."

அம்மாவின் அந்தக் குரலைத்தான் அவள் வானொலியில் கீச்சுக் குரலாக்கிக் காட்டியிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ரேடியோல வாசிப்பே."

"வாசிச்சது தப்புன்னு இந்த வாரம் ரேடியோல சொல்லிடட்டுமா?" என்றாள்.

"சொல்லேன். இன்னும் ரெண்டு மாசம் இதையே மெல்லுவாங்க. அக்கா, கடைத்தெரு ஒரு நேரத்துல ஒருத்தனைப் பாத்துத்தான் சிரிக்கும். அதுக்கு வேற ஆளைக் குடு."

"யாரைக் குடுக்கச் சொல்றே?"

"இதோ, தர்கி. அத்தர்ல தண்ணி கலக்கறான்."

"மூணு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுடா அவனுக்கு."

"சரி, தோல்பைக்காரன்."

"அவனுக்கு நெஞ்சு வலி."

"அப்ப நான் மட்டும் என்ன, கருங்கல்லா?"

வீட்டுக்கு வந்து, பரிந்துரைக்க எடுத்துவைத்த குவியலைப் புரட்டினாள். சாலைப் பள்ளத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடும் தெருவைப் பற்றி ஒன்று. அமைச்சருக்கு ஆலோசகராகிவிட்ட பூனையைப் பற்றி ஒன்று. ரொட்டி வரிசையில் தன் இடத்தை வாடகைக்கு விடுகிறவனைப் பற்றி ஒன்று. எல்லாமே மூக்கில் ஏறக்கூடியவை. பள்ளத்தையும் பூனையையும் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் அவை கடைத்தெருவில் நடந்துவரும் ஆள் இல்லையே, ஜல்லூலை விட்டுவிடாது. ரொட்டி வரிசைக்காரன் யாருக்குத் தம்பியோ. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டுக்கொண்டதே இல்லை.

மறுநாள் அனீஸைத் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னாள். "என்னைப் பத்தி ஏதாவது எழுதி வெச்சிருக்கியா? பொய் சொல்லாதே."

அவன் காது சிவந்தது. "சும்மா வெளையாட்டா... எங்கேயும் அச்சுக்குக் குடுக்கலை மேடம்."

"காட்டு."

போனை நீட்டினான். மற்றவர்கள் எழுதிய நகைச்சுவையை வானொலியில் வாசிக்கும் ஒரு பெண்மணி. சிரிப்பு வருமுன்பே தான் சிரித்துவிட்டு, 'இங்கேதான் சிரிக்கணும்' என்று நேயர்களுக்குக் காட்டிக்கொடுப்பவள். வீட்டுக்குப் போனதும் அன்றைய நல்ல ஜோக்கைக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதனிடம் சொல்வாள். உள்ளே விளக்கு எரிந்தால் அதுவும் ரசித்தது என்று கணக்கு.

"இந்தப் பெட்டி விஷயம் எப்படித் தெரியும் உனக்கு?"

"நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. சிரிச்சிக்கிட்டே."

அவள் முன்னாலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. "நல்லா வந்திருக்கு. முடிவுதான் கொஞ்சம் நீளம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை அதை வாசித்தாள். இந்தப் பெண்மணி நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வாசித்தாள். குளிர்சாதனப் பெட்டி வரும் இடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை கடைத்தெருவில் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டார்கள். "முஞ்சியாக்கா, இங்கே சிரிக்கலாமா, இல்லை அடுத்த கடைக்கிட்ட சிரிக்கணுமா?" என்றான் தோல்பைக்காரன். "வீட்டுல பொட்டி சௌக்கியமா? பல்பு ஃப்யூஸ் ஆகலையே?" என்றான் தர்கி. அவளும் சிரித்து வைத்தாள். முகம் வலித்தது. எத்தனையோ பேரை இந்தச் சிரிப்புக்குள் அனுப்பியிருக்கிறாள். உள்ளே இவ்வளவு சூடு என்று தெரியாது. ஆனால் ஒருவனும் ஜல்லூல் கடைப்பக்கம் திரும்பவில்லை.

கடையில் ஒரு பெண் கம்பளத்தின் பின்பக்க முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நானூத்தம்பது. முடியும்னா முடியும்னு சொல்லுங்க."

ஜல்லூலின் கை தன் போன் வரை போய் நின்றது. வாசலில் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, நானூத்தம்பது கேக்கறாங்க. என்ன சொல்றே?"

கம்பள விலையைப் பற்றி முஞ்சியாவுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அந்தப் பெண் அவள் வாயையே பார்த்தாள்.

"முடியாது," என்றாள் முஞ்சியா.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். மனம் மாறித் திரும்புகிறவர்கள் தெரு வளைவதற்குள் திரும்பிவிடுவார்கள். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் வளைவைத் தாண்டிப் போயே விட்டாள்.

"அந்த விலைக்கு அம்மா குடுத்திருப்பா," என்றான் ஜல்லூல், கம்பளத்தின் மறுமுனையை அக்காவிடம் நீட்டியபடி. அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் மடிக்கத் தொடங்கினார்கள்.