வளையல் கழற்றாத வசனம்

அன்று காலை எட்டே காலுக்கு, என் மகன் வாசல்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே போய் நின்று சொல்லியேவிட்டேன்.

"நான் மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "'மறுபடியும்'ங்கிற இடத்துல சின்னதா நிறுத்தும்மா. பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி ஓடுறே."

சமையலறையிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "ஆமா அத்தை. அந்தப் பொண்ணு கொஞ்சம் தயங்கித்தானே சொல்லுவா? நீங்க சொல்றது சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு ரெண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக், அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நான் வாசலில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

தப்பு என்னுடையதுதான். இருபத்திரண்டு வருடமாக நான் சினிமாவுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கிறேன். படத்தில் வருகிற அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு வம்புக்காரி, இவர்களில் பாதிப் பேருக்கு வாய் அவர்களுடையது, சத்தம் என்னுடையது. வீட்டில் வசனம் சொல்லிப் பழகிப் பழகி, என் வாயிலிருந்து எது வந்தாலும் நடிப்புதான் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. ஒரு தடவை மொட்டைமாடியில் நின்று, "ஐயோ, என் பிள்ளையைக் கொன்னுட்டாங்களே!" என்று அலறினேன். எதிர்வீட்டுக்காரர் கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தார். என் பிள்ளைதான் அவருக்குக் கதவைத் திறந்தான். "உக்காருங்க சார், இன்னும் ரெண்டு தடவை கொல்லணும்" என்றான்.

அப்போது டப்பிங் நடந்துகொண்டிருந்த படம் ஒரு காதல் படம். கணவனை இழந்த ஒருத்தி, கையில் ஒரு மகள். மனைவியைப் பிரிந்த ஒருவன், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு வீடும் ஒரு வீடாக வேண்டும். சினிமாவில் அதற்கு ஒரு பாட்டு போதும். பாட்டு தொடங்கும்போது பிள்ளைகள் முறைத்துக்கொள்வார்கள், முடியும்போது ஒரே போர்வைக்குள் தூங்குவார்கள். இந்தத் தடவை அந்தப் பெண்ணுக்கே நான்தான் குரல். அந்த ஆணின் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர்தான் நான் சொல்ல வந்த ஆள்.

ஸ்டூடியோவில் அவருக்குப் பெயர் 'வில்லன்'. முப்பது வருடமாகக் கடத்தல்காரன், கொலைகாரன், ஈவு இரக்கமில்லாத முதலாளி. தொண்டையைத் திறந்தால் சுவர் அதிரும். மைக்கை விட்டு நகர்ந்துவிட்டால் பூனை. டீ கொண்டுவருகிறவரிடம்கூட, "சிரமம் இல்லைன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. கணவனோடு ஒத்துப்போகாமல் வந்துவிட்ட மகள் கூட இருக்கிறாள், நர்ஸ். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம்.

வளையலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வளையல் குலுங்கினால் மைக் பிடித்துவிடும் என்பதால் எங்கள் தொழிலில் பெண்கள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவோம். வீட்டில் பழகும்போதும் எனக்கு அதே பழக்கம்தான். வெறுங்கையாக நின்றால்தான் வசனம் வரும். ஒருநாள் ஸ்டூலில் வைத்த என் வளையல் உருண்டு விழுந்து, நல்ல டேக் ஒன்று வீணாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவரே என் ஆறு வளையலையும் வாங்கி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். முடிந்ததும் பிரித்து நீட்டுவார். நாலு மாதம் இப்படியே போனது. ஒருநாள் நீட்டியவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மேடம், சிரமம் இல்லைன்னா... மிச்ச நாளும் இதை நானே வெச்சுக்கிட்டு நிக்கலாமான்னு..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சவுண்ட் இன்ஜினியர் பெண்ணின் குரல் வந்தது. "சார், மைக் ஆன்ல இருக்கு. ஆனா நல்லா வருது, முடிச்சுடுங்க."

அவர் காது சிவந்ததைப் பார்க்க வேண்டுமே! நான் ஒரு நாள் யோசித்தேன். யோசித்தது கல்யாணத்தைப் பற்றி அல்ல, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான். திருட்டுத்தனமாகச் செய்யக் கூடாது. பதிவு அலுவலகத்தில் மூன்று சாட்சிக் கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று என் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடியும் சொன்னேன். "நல்லாக் கேட்டுக்கோங்க. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். எங்க ஸ்டூடியோ வில்லனை."

"வில்லனையா?" மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "கதையை மாத்திட்டாங்களா?"

"இது வசனம் இல்லடா!"

"ஆ, இது நல்லா இருக்கு" என்றாள் மருமகள். "இந்தக் கோபம்தான் அத்தை போன தடவை மிஸ்ஸிங்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் வாண்டு, எட்டு வயதுப் பேத்தி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, பாட்டி வளையல் போட்டிருக்காங்க."

"அதுக்கென்ன?"

"வசனம்னா கழட்டிடுவாங்கல்ல?"

மகன் என் கையைப் பார்த்தான். மருமகள் பார்த்தாள். நான் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தேன். ஆறு வளையலும் ஒன்றுமேல் ஒன்று விழுந்து சத்தம் போட்டன. அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் சாப்பிடவில்லை, வாண்டுவைத் தவிர.

"என்னம்மா இது?" என்றான் கடைசியில். "ஒம்போது வருஷம் இருந்துட்டே. மிச்சத்தையும் அப்படியே ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே? ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். சிரிக்கிறது உடம்புக்கு நல்லது."

"அப்பா போட்டோ?"

"இருக்கிற இடத்துலயே இருக்கும். அவர் எங்கேயும் போகப் போறதில்ல, நானும் அவரை விட்டுட்டுப் போகல. ரெண்டு தெரு தள்ளித்தான் வில்லன் வீடு, நர்ஸ் மகளோட இருக்கார். அங்கே இருப்பேன், தினம் இங்கே வருவேன். வாண்டுவை ஸ்கூலுக்கு விடுறது நான்தான், அது மாறாது."

"அந்த நர்ஸ் அக்கா எனக்கு யாரு அப்போ?" என்று கேட்டாள் வாண்டு.

"அத்தை."

"நாப்பது வயசுல எனக்குத் தங்கச்சியா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான் மகன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வர்ற மாசம் மூணாவது வியாழன், பதினோரு மணி" என்றேன். "நீ வந்தாலும் நடக்கும், வரலைன்னாலும் நடக்கும். ஆனா உன் இடத்தை வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. "பாட்டிகிட்ட மாத்திரை போட்டாச்சான்னு கேளு", "பாட்டிகிட்ட சாவி எங்கேன்னு கேளு", எல்லாம் வாண்டு வழியாக. மருமகள் மட்டும் மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அவருக்குச் சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா அத்தை?"

"பிரஷர்."

"என்ன மாத்திரைன்னு கேட்டு வைங்க. கடையில இருந்து எடுத்துட்டு வரேன்."

அவள் அப்படித்தான். சம்மதம் என்று வாயால் சொல்ல மாட்டாள். வில்லன் வீட்டில் அவ்வளவு சிரமம் இல்லை. அவர் மகள் என்னை உட்கார வைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எங்கப்பா குறட்டை விடுவார். திருப்பி அனுப்பக் கூடாது."

இருபத்தைந்து நாள் பொறுத்தேன். வியாழனுக்கு இன்னும் ஏழு நாள்தான் இருந்தது. என் ஸ்டூடியோ மூன்றாவது மாடியில். அங்கே லிஃப்ட் ஒரு வாரமாக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் போனேன். "என் பையன் கம்பெனிக்குப் போன் போடுங்க. சனிக்கிழமை காலையில வரச் சொல்லுங்க. அவனையே அனுப்பணும்னு சொல்லுங்க" என்றேன். ஆமாம், திட்டம் போட்டுத்தான் செய்தேன். பேச மாட்டேன் என்கிறவனை வேறு எப்படிப் பார்க்க வைப்பது?

வந்தான். இரண்டு மணி நேரத்தில் லிஃப்ட் ஓடியது. வேலை முடிந்த தாளில் கையெழுத்து வாங்க அவன் சவுண்ட் ரூமுக்கு வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் பெண் உதட்டில் விரல் வைத்து நாற்காலியைக் காட்டினாள். அவன் கையில் கிரீஸோடு ஓரமாக உட்கார்ந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அன்று நாயகனின் அப்பா கத்துகிற காட்சி. திரையில் அந்தக் கிழவர் வாயைத் திறந்தார். என் பக்கத்தில் நின்ற வில்லன் சுவர் அதிர முழங்கினார்.

"இத்தனை வருஷம் தனியா இருந்துட்டே! மிச்சத்தையும் அப்படியே ஓட்டிட்டுப் போயேன்டா! ஊர் சிரிக்கும்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வசனத்தை நான் எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே யாரோ எழுதி வைத்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்கணுமே! தான் சாப்பாட்டு மேஜையில் சொன்னது அத்தனையும், அந்த இடி முழக்கத்தில், ஹெட்போன் வேறு வேண்டாம், சுவர் வழியாகவே வந்தால் எப்படி இருக்கும்?

டேக் முடிந்தது. வில்லன் உடனே பூனை ஆனார். இரண்டு தடவை இருமினார். "சத்தம் ஜாஸ்தி ஆயிடுச்சோ?" என்று இன்ஜினியரிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, என் முன்னால் உள்ளங்கையில் நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆறு வளையலுக்கும் நேரம் ஆகும் இல்லையா? அவர் அசையவில்லை. என் மகனும் அசையவில்லை.

நான் வெளியே வந்தபோது அவன் போயிருந்தான். "என்ன சொன்னான்?" என்று இன்ஜினியர் பெண்ணிடம் கேட்டேன். "'தினமும் இப்படித்தானா'ன்னு கேட்டார். ஆமான்னேன். தாளை வாங்கிட்டுப் போயிட்டார்."

வீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கெஞ்சி வாங்குகிற கையெழுத்து எனக்கு வேண்டாம்.

வியாழன். பதிவு அலுவலகம் நாலாவது மாடியில். மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நர்ஸ் மகள் கையெழுத்துப் போட்டாள், இன்ஜினியர் பெண் போட்டாள். மூன்றாவது கோடு காலியாகக் கிடந்தது.

"மூணாவது ஆள் யாரும்மா?" என்றார் அதிகாரி.

"என் பையன். வருவான்."

"வரலைன்னா?"

"கீழே டீக்கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஆனா பதினொண்ணே கால் வரைக்கும் அந்தக் கோடு என் பையனுது சார். தொடாதீங்க."

வில்லன் என்னைப் பார்த்தார். "வேணும்னா இன்னொரு நாள்..." என்றார். "இன்னொரு நாள் கிடையாது" என்றேன்.

பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது. வாண்டு முதலில், பின்னால் மருமகள், கடைசியாக வேலைச் சட்டையோடு என் பிள்ளை. யாரையும் பார்க்காமல் சுவரோரமாக நின்றுகொண்டான்.

அதிகாரி என்னிடம் கேட்டார். "இதுல உங்களுக்கு முழுச் சம்மதம்தானேம்மா?"

"சம்மதம்" என்றேன். இருபத்திரண்டு வருடம் சுவர் அதிரப் பேசியவள், அன்றைக்கு எலி மாதிரிக் கீச்சிட்டேன். மின்விசிறி அதையும் தின்றுவிட்டது.

"என்ன?"

பின்னாலிருந்து குரல் வந்தது. முப்பத்திரண்டு நாள் கழித்து அவன் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"கேக்கலைம்மா. நிமிர்ந்து, தெளிவா. இன்னொரு டேக்."

நான் மேஜைமேல் கையை ஊன்றி நிமிர்ந்தேன். ஆறு வளையலும் சேர்ந்து கலகலத்தன. "முழுச் சம்மதம்!" என்றேன். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது.

அவன் வந்து குனிந்து மூன்றாவது கோட்டில் கையெழுத்துப் போட்டான். பேனா ஒரு தடவை எழுதவில்லை, உதறிவிட்டுப் போட்டான்.

வெளியே வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினோம். மேலே வரும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவன், கதவு திறந்ததும் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். "கேபிள் சத்தமே சரியில்ல. இதுல யாரும் ஏற வேண்டாம். படியில போலாம்."

நாலு மாடி. வில்லனுக்கு முழங்கால் வலி என்று அவனுக்கு யார் சொன்னார்களோ, மருமகளாகத்தான் இருக்கும். அவர் பக்கம் திரும்பி நின்றான். "சார், என் தோளைப் பிடிச்சுக்கோங்க."

"சிரமம் இல்லைன்னா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"சிரமம்தான். கையைக் கொடுங்க" என்றான் என் பிள்ளை.